நாலு மணியிலிருந்து ஆறரை வரை

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
12 நவம்பர் 2023

ஜூலிக்கு ஆனந்தமேரி எழுதுவது.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வந்தது. நாள் பார்த்துத்தான் போட்டாயோ என்னவோ.

முதலில் ஒரு திருத்தம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது இல்லை, நாற்பத்தொன்பது. அம்மா செத்தது 1974 நவம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. எடுத்தது புதன்கிழமை. மூன்றாம் வகுப்பு படித்தவளுக்கு இருக்கிற ஞாபகம், அமெரிக்காவில் நர்சு வேலை பார்த்தவளுக்கு இல்லை.

உன்னோடு வாயால் பேச மாட்டேன் என்றுதான் அம்மா குழியில் மண் போட்ட கையோடு சத்தியம் பண்ணினேன். கையால் எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை. அதனால் எழுதுகிறேன். போன் செய்யாதே. செய்தால் என் மகன் பிரான்சுவா எடுத்து என் காதில் வைப்பான், நான் மூச்சு மட்டும்தான் விடுவேன்.

அம்மா கல்லறையில் உனக்கு இடம் கேட்கிறாய். சீட்டு என் பேரில் இருக்கிறது என்பதும், நான் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பார்கள் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நம்ம கோயிலில் இப்போது புதுச் சட்டம். குடும்பக் கல்லறையை ஒருமுறை திறந்து மூடினால் பதினான்கு வருடம் திறக்கக் கூடாது. ஒரு ஆளுக்குத்தான் இடம். எனக்கு எண்பது. நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் என்னைப் பதினான்கு வருடம் ஐஸ் பெட்டியிலா வைப்பார்கள்?

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம்ம அம்மா சவரியம்மாள் முப்பது வருடம் கோயில் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். அவள் துவைத்த துணிமேல் நற்கருணை வைத்தார்கள். அவளைப் பக்கவாசலில் வரச் சொன்னார்கள். நம்ம தெரு சனம் செத்தால் வாய்க்கால் ஓரத்துச் சின்ன கேட்டு. மற்ற சாதிக்காரர்கள் செத்தால் ரோட்டுப் பக்கத்துப் பெரிய கேட்டு. நடுவில் இடுப்பளவு சுவர். அம்மா சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று. "என்னப் பெரிய கேட்டு வழியா தூக்கிக்கிட்டுப் போங்கடி."

அந்தக் கேட்டின் சாவி கன்னியாஸ்திரி மடத்தின் முன்னறையில் ஆணியில் தொங்கும். நீ அந்த மடத்தில் வேலைக்கு இருந்தாய். "நாலு மணிக்கு சாவியோட நிப்பேன்க்கா" என்று சொன்னது நீ. நாலு மணிக்குப் பெட்டியோடு போய் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. ஆறரை வரை நின்றோம். ஆணி அடித்த ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. நீ வரவில்லை. கடைசியில் சின்ன கேட்டு வழியாகவே கொண்டுபோனோம். அடுத்த ஜூனில் மடம் உன்னை நர்சு படிக்க அனுப்பியது. அம்மா நனைந்தாள், நீ விமானம் ஏறினாய்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான் போகவில்லை. பிரான்சுவா மூன்றாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். லிப்டுக்குக் குழி இருக்கிறது, லிப்டு இல்லை. மாசி மாதம் படியில் விழுந்ததிலிருந்து அவனும் மருமகள் ஜாஸ்லினும் வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் என் நல்லதுக்காம். இந்தக் கடிதத்தைக்கூடக் கயிறு கட்டின கூடையில் கீழே இறக்குகிறேன். கீரை விற்கிற அமுதவல்லி எடுத்துப் போய்த் தபாலில் போடுவாள்.

இடம் கிடையாது.

ஆனந்தமேரி


மாண்ட்கோமரி, அலபாமா
6 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மகள் ஹெலன்தான், "திட்டுதானே இருக்கும், படிச்சிடும்மா" என்றாள். திட்டுதான் இருந்தது. ஆனாலும் உன் குரல் கேட்டது.

அக்கா, அன்றைக்கே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்?

நானும் இப்போது ஒரு மாதிரி பூட்டப்பட்டுத்தான் இருக்கிறேன். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு என்னைக் கட்டிப்போடுகிறார்கள். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. விமானம் ஏற டாக்டர் விடமாட்டேன் என்கிறார். நான் ஊருக்கு வருவதென்றால் பெட்டியில்தான் வர முடியும். அதனால்தான் கேட்டேன்.

என் பக்கத்து நாற்காலியில் வெர்லீன் என்று ஒரு அம்மா. கறுப்பினத்தவர், எழுபத்தெட்டு வயது, இந்த ஊரிலேயே பிறந்தவர். நாலு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு வேறென்ன செய்வது, பேசுகிறோம். இந்த ஊரிலும் சாவுக்குத் தனி இடம் இருந்திருக்கிறது அக்கா. வெள்ளையர் கல்லறைக்கும் கறுப்பர் கல்லறைக்கும் நடுவில் வேலி. அதை அவர் சொன்னபோது எனக்கு நம்ம சுவர் நினைவுக்கு வந்தது. சொன்னேன். "உங்க ஊர்ல எல்லாரும் ஒரே நிறம்தானே, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டார். தெருவை வைத்து என்றேன்.

அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது இங்கே பஸ்ஸில் முன்பக்கம் வெள்ளையர், பின்பக்கம் கறுப்பர். வெள்ளையர் ஏறி இடம் போதாவிட்டால் கறுப்பர் எழுந்து நிற்க வேண்டும். 1955 டிசம்பரில் ஒரு பெண்மணி எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஊரில் கறுப்பர் பஸ் ஏறுவதையே விட்டார்கள். முந்நூற்று எண்பத்தொரு நாள். வீட்டு வேலைக்காரிகள் விடியலில் கிளம்பி நடந்தார்கள். கோயில்கள் கார் வாங்கி விட்டன. தலைவர்கள் வீட்டில் குண்டு போட்டார்கள். பெரிய கோர்ட்டு பஸ் சட்டம் செல்லாது என்ற பிறகுதான் மறுபடி ஏறினார்கள். "நாங்க நடந்தோம்" என்று வெர்லீன் சொல்லும்போது அந்த மெலிந்த முகம் நிமிர்கிறது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டும் போலிருந்தது.

உன் தங்கை
ஜூலி


ரெட்டியார்பாளையம்
2 ஜனவரி 2024

ஜூலிக்கு,

கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் கேக் தபாலில் கெட்டுப்போயிருந்தது. காக்காய்க்கு வைத்தேன்.

முந்நூற்று எண்பத்தொரு நாள் என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வருடத்துக்கு மேல் பதினாறு நாள். செருப்பு தேய்ந்திருக்கும், கால் வெடித்திருக்கும். எனக்கு இந்த மூன்றாம் மாடியிலிருந்து இறங்கவே கால் இல்லை. அந்தப் பெண்களைச் சன்னலில் நின்றுகொண்டு நினைத்துக்கொண்டேன். சன்னலிலிருந்து பார்த்தால் எதிர்மாடியின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது.

நிறத்தை வைத்துப் பிரித்தார்கள் என்று ஏதோ புதிதாகச் சொல்கிறாய். இங்கே வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை ஊர், மேற்கே கறுப்பு ஊர் என்று பிரெஞ்சுக்காரன் பேர் வைக்கவில்லையா? நாம் அந்தக் கறுப்பு ஊருக்கும் வெளியே இருந்தோம். இன்றைக்கு அந்த வெள்ளை ஊர்ச் சுவரெல்லாம் மஞ்சள் அடித்து, கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். உன் வெர்லீனிடம் கேட்டு எழுது. அந்த முந்நூற்று எண்பத்தொரு நாளில் பஸ் ஏறின கறுப்பு மனுஷி ஒருத்திகூட இல்லையா? எல்லாருமா நடந்தார்கள்? எந்த ஊரானாலும் ஒரு ஜூலி இருந்திருப்பாளே.

ஆனந்தமேரி


மாண்ட்கோமரி
27 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்வியைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அடுத்த முறை உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"எங்க அம்மா ஏறினாங்க."

அவர் அம்மா ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல். வீட்டுக்காரி சொல்லிவிட்டாளாம், நடக்கிறவளுக்கு இங்கே வேலை இல்லை என்று. வீட்டில் நாலு பிள்ளைகள். பஸ் முழுக்கக் காலி, பின் சீட்டில் அந்த அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு. வழியில் நடந்துபோகிறவர்கள் பார்ப்பார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் கொடுமை என்றார் வெர்லீன். திங்கள்கிழமை மாலை கோயிலில் எல்லாரும் கூடிப் பாடுவார்கள். அம்மா கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நிற்பாராம். பத்து வயது வெர்லீன் பள்ளிக்கு நடந்துபோகும்போது எதிரே அந்த பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம்.

பத்து வருடம் கழித்து, 1965இல், ஓட்டுரிமைக்காகப் பக்கத்து ஊரான செல்மாவிலிருந்து இந்த ஊருக்கு நடந்து வந்தார்கள். முதல் முறை பாலத்திலேயே போலீஸ் குதிரைமேல் வந்து அடித்துத் துரத்தியது. இரண்டு வாரம் கழித்து மறுபடி கிளம்பி ஐந்து நாள் நடந்தார்கள். கடைசி நாள் வெர்லீன் சேர்ந்துகொண்டார். ஊர் எல்லையில் நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் அவர் அம்மா. சமையற்கட்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாராம். கூடவே நடந்தார். அந்த ஆகஸ்டில் ஓட்டுச் சட்டம் வந்தது.

வந்தும் முடியவில்லை அக்கா. நெடுஞ்சாலை போடுகிறோம் என்று இவர்கள் தெருக்களின் நடுவே சாலையை விட்டார்கள். வெர்லீன் வீடு போனது. 2013இல் அந்த ஓட்டுச் சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதியைக் கோர்ட்டே எடுத்துவிட்டது. 2020இல் ஒரு கறுப்பு மனிதரின் கழுத்தில் போலீஸ்காரன் முட்டியை வைத்துக் கொன்றதற்காக இவர் பேரன் தெருவில் நடந்தான். "நான் நடந்த அதே ரோடு. எனக்குச் செருப்பு, அவனுக்கு ஷூ. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சிரித்தார்.

ஜூலி


ரெட்டியார்பாளையம்
19 பிப்ரவரி 2024

ஜூலிக்கு,

ஏப்ரனோடு வந்தவளை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யாரோ ஒருத்திமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. எனக்கு வேண்டியவள்மேல்தான் கோபப்படத் தெரியும்.

நம்ம சுவர் என்ன ஆச்சு என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ போனதற்கப்புறம் நம்ம தெருப் பொம்பளைகள் மூன்று வருடம் கோயிலில் காணிக்கை போடவில்லை. சாமியார் மாறினார். பிறகு இன்னொருவர். நாங்கள் பூசை நடுவில் எழுந்து வெளியே வந்து நின்றோம். என் பேரில் கேசு போட்டார்கள், கோர்ட்டுக்கு ஏழு முறை போனேன். பிரான்சுவாவைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைசியில் 1993 ஆகஸ்டு மாதம் சுவரை இடித்தார்கள். கடப்பாரையில் முதல் குத்து என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்குப் போனால் சுவர் இருந்த இடம் நெடுக குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள். அழகுக்காம். இன்றைக்கு வரைக்கும் நம்ம சனம் செடிக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றுகிறார்கள். அதனால் உன் வெர்லீனிடம் சொல், அந்த ரோட்டைப் பற்றி எனக்கும் தெரியும் என்று.

இப்போது வேறு விஷயம். அறையில் வைத்துப் பூட்டினார்கள் என்று மறுபடி எழுதியிருந்தாய். எந்த அறை?

நான் அம்மாவோடு துணி மூட்டை தூக்கிக்கொண்டு எட்டு வயதிலிருந்து அந்த மடத்துக்குப் போனவள். முன்னறைக்கு இரண்டு கதவு, இரண்டுக்கும் உள்பக்கம்தான் தாழ்ப்பாள். சாப்பாட்டு அறைக்குக் கதவே கிடையாது, திரைச்சீலை. சமையல்கட்டுக் கதவு மழைக்கு உப்பி எப்போதும் சாத்த வராது. துணி அறைக்கு மட்டும் வெளிப்பூட்டு உண்டு, அதன் சாவி அம்மா இடுப்பில் இருந்தது. அம்மா செத்தபோது அதை நான் எடுத்து வைத்தேன். இப்போதும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஆக, எந்த அறை ஜூலி?

ஆனந்தமேரி


மாண்ட்கோமரி
14 மார்ச் 2024

அக்கா,

பூட்டவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது. இன்றைக்கு உள்ளதைக் குடித்துவிட்டேன்.

மூன்றரை மணிக்குச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன். மடத்துத் தலைவி, நாம் மேர் என்று கூப்பிடுவோமே, அவர் முன்னறையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தார். திட்டவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. "கதவு திறந்துதான் இருக்கு ஜூலி. நீ போகலாம். ஆனா போனா, ஜூன் மாசம் படிக்க அனுப்புற லிஸ்ட்ல உன் பேரு இருக்காது. திரும்பி இந்தப் படியும் ஏற வேணாம்" என்றார். மறுபடி ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

நான் வாசற்படியில் நின்றேன். வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலும்கூட இல்லை. இரண்டும் உள்ளேதான். நாலு மணிக்கு நீங்கள் பாடியது கேட்டது. மழை பெரிதானதும் பாட்டு நின்று ஜெபம் மட்டும் கேட்டது. உன் குரல் தனியாகத் தெரிந்தது. சாவி கையில் சூடாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும், இந்த அருள்நிறை மரியே முடிந்ததும் போய்விடுவோம் என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரத்தில் எத்தனை அருள்நிறை மரியே இருக்கும்? ஜெபம் நின்றது. நீங்கள் சின்ன கேட்டுப் பக்கம் திரும்பிவிட்டீர்கள் என்று தெரிந்தது. சாவியை ஆணியில் மாட்டினேன். துடைத்துவிட்டு மாட்டினேன்.

யாராவது பூட்டியிருக்கக் கூடாதா என்று எத்தனை வருடம் நினைத்தேன் தெரியுமா? நினைத்து நினைத்து அதுவே நடந்ததாகிவிட்டது. இங்கே கல்யாணம் ஆனபோது புருஷனிடம் அப்படித்தான் சொன்னேன். ஹெலனிடமும் அப்படித்தான். உன்னிடம் மட்டும்தான் அது நிற்கவில்லை.

வெர்லீனிடம் இதை முதலில் சொன்னேன். அவர் அம்மா 1991இல் இறந்தார். கடைசி வரை பஸ்ஸைப் பற்றி மகளிடம் வாயைத் திறக்கவில்லையாம். "சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன். அந்த ஒரு மாசத்த எனக்குக் குடுக்காமலே போயிட்டாங்க" என்றார்.

அதனால் எழுதுகிறேன். கத்து அக்கா.

ஜூலி


மாண்ட்கோமரி
10 மே 2024

அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று ஹெலன் பிரான்சுவாவுக்குப் போன் செய்தாள். அம்மா நல்லா இருக்காங்க, சன்னல்கிட்டயே உட்கார்ந்திருக்காங்க, யாரோடயும் பேசறதில்ல என்றானாம்.

வெர்லீன் போய்விட்டார். ஒரு திங்கள்கிழமை வந்து பார்த்தால் அந்த நாற்காலியில் வேறு யாரோ ஒரு பையன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு. அடக்கத்துக்குப் போனேன். அந்த வேலி இப்போது இல்லை. துருப்பிடித்த கம்பி ஒன்றிரண்டு புல்லுக்குள் கிடக்கிறது. அவரை அவர் அம்மாவின் பக்கத்தில் வைத்தார்கள். கல்லில் அம்மா பேர் கீழே ஏற்கெனவே வெர்லீன் பேரைச் செதுக்கி, வருடம் மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

நான் கேட்டதை விட்டுவிடுகிறேன். அம்மா பக்கத்தில் நீ இரு. நின்றவள் நீ. கோர்ட்டுக்குப் போனவள் நீ. ஹெலன் எனக்கு இங்கேயே ஒரு இடம் பார்க்கிறாள். கையெழுத்துக்காக அந்தப் படியெல்லாம் இறங்காதே. விழுந்துவிடுவாய்.

ஜூலி


ரெட்டியார்பாளையம்
9 ஜூன் 2024

தங்கச்சி ஜூலிக்கு அக்கா ஆனந்தமேரி எழுதுவது.

படியில் இறங்காதே என்று நீ யார் எனக்குச் சொல்ல? இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றைக்குக் கத்தினேன். வீட்டில் யாரும் இல்லை, கிரில் வெளியே பூட்டியிருந்தது, நல்லதாய்ப் போயிற்று. எதிர்மாடிக்காரி சன்னலைச் சாத்திக்கொண்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டேன். உன் வெர்லீன் ஒரு மாதம் என்றாள். எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நான் அவளைவிட மோசமானவள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மில்லில் வேலை பார்த்த தணிகாசலம் நினைவிருக்கிறதா? நம்ம எதிர்வீடு. அன்றைக்குப் பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தவன். அவன் வேட்டி மடிப்பில் சுத்தியல் கொண்டுவந்திருந்தான். ஐந்து மணி இருக்கும். "இனிமே என்னாத்துக்குக் காத்துக்கிட்டு, ஒரே அடி, பூட்டு தெறிச்சிரும்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒடைக்காத. என் தங்கச்சி வருவா" என்றேன். ஐந்தரைக்கும் கேட்டான். "வருவா" என்றேன். ஆறு மணிக்கு அவன் கேட்கவில்லை, என்னைப் பார்த்தான். "வருவாடா" என்றேன்.

அம்மாவை இரண்டரை மணி நேரம் நிற்க வைத்தது நீ என்று இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் உன்னுடையது. மீதி என்னுடையது.

சரி. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

போன திங்கள்கிழமை சாயங்காலம் ஜாஸ்லின் வந்ததும் கையை நீட்டினேன்.

"சாவியக் குடு."

"எதுக்கு அத்தை? எங்க போகப் போறீங்க?"

"கல்லறைக்கு."

"ஐயோ, என்ன பேச்சு இது, வெளக்கு வெக்கிற நேரத்துல!"

"சாகப் போகலடி. கையெழுத்துப் போடப் போறேன்."

மேட்டுப்பாளையத்து பாக்டரியிலிருந்து பிரான்சுவா வந்ததும் அவனிடம் போய்ச் சொன்னாள். "நீ விழுந்துட்டா யாரும்மா பதில் சொல்றது?" என்றான். "விழறது நானு. நானே சொல்லிக்கிறேன்" என்றேன். இந்த வீட்டில் பூட்டு ஒன்று இருந்தால் அதன் சாவி ஒன்று என்னிடமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரியிலிருந்து சோறு வேண்டாம் என்றேன். பன்னிரண்டு வேளை போனது. பயந்துவிடாதே, ஜாஸ்லினுக்குத் தெரியாமல் அமுதவல்லி கூடையில் வாழைப்பழம் ஏற்றினாள். முந்தாநாள் சாயங்காலம் சாவி வந்துவிட்டது. மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றிலேயே கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

நேற்று காலையில் அமுதவல்லி பெரிய மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்குகிற இரண்டு பேரை ஆட்டோவில் கூட்டிவந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன். முன்னால் பிடித்தவன் பேர் கலியபெருமாள். ஒவ்வொரு படிக்கும் "பாத்துடா, பாத்துடா" என்று நான் சொல்ல, இரண்டாவது மாடியில் நின்றுவிட்டான்.

"ஆயா, வெங்காய மூட்டைய விட நீ லேசுதான். ஆனா வெங்காயம் இப்படித் திட்டாது."

பதினைந்து மாதத்துக்கப்புறம் தெருவைப் பார்த்தேன். வெயில் அடித்தது. ஆட்டோவில் ஏற்றினார்கள். பெரிய கேட்டுக்கு எதிரில் நிறுத்தச் சொன்னேன். வாட்சுமேனிடம் சாவி கேட்டேன். "பூட்டே கெடையாது ஆயா, தள்ளுனா தெறக்கும்" என்றான். கலியபெருமாள் தள்ளினான். நாற்காலியோடு என்னை உள்ளே தூக்கிப் போனார்கள். அம்மாவிடம் போனேன். சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. அங்கே நானும் அவளும் பேசியதை உனக்கு எழுதமாட்டேன்.

கோயில் ஆபீசில் விக்ரம் என்று ஒரு பிள்ளை, கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். சீட்டைக் கொடுத்தேன்.

"குடும்பக் கல்லறையில யாருக்கு ஆயா இடம்?"

"என் தங்கச்சிக்கு. ஜூலி. அமெரிக்காவுல இருக்கா. எழுதிக்கோ."

எழுதினான். கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குச் செடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு குடு."

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அந்தப் பக்கமா? அங்க உங்க ஆளுங்க யாரும் இல்லையே ஆயா. தனியா இருப்பீங்க."

"அதுக்குத்தாண்டா கேக்கறேன்."

பாதரைக் கேட்க வேண்டும், பாதர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றான். நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பதினொன்றரையிலிருந்து ஒன்றேகால் வரை உட்கார்ந்திருந்தேன். உன் ஊர் பஸ்காரம்மாவை நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள் கிழவி என்று அவர்கள் நினைத்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெளியே கலியபெருமாளும் மற்றவனும் பீடி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பாதர் வந்தார். சின்ன வயசு. கல்லறை வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். குரோட்டன்ஸ் செடியை அதில் யாரும் வரையவில்லை. "கூடாதுன்னு எங்கயும் எழுதலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முத்திரை குத்தினார். அந்தப் பக்கம், மூன்றாவது வரிசை, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

அம்மா பக்கத்து இடம் உனக்கு. அலபாமாவில் இடம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லு.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்படி எங்கும் எழுதவில்லை, திரும்பப் படித்துப் பார். ஒரு நிபந்தனை இருக்கிறது. பிரான்சுவாவிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறேன், ஹெலனுக்கும் நீ சொல்லிவை. உன் பெட்டி வந்தால் பெரிய கேட்டு வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் உடனே உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்கு முன்னால் ரோட்டில் இறக்கி வைக்க வேண்டும். நாலு மணியிலிருந்து ஆறரை வரை. மழை பெய்தால் குடை பிடிக்கக் கூடாது.

நான் உயிரோடு இருந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மணி நேரம் உனக்காக. ஒன்றரை மணி நேரம் எனக்காக. கலியபெருமாளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நான் முதலில் போய்விட்டால் ஒன்றும் பிரச்சினை இல்லை, அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் தெரியும்.

போன் செய்யாதே. சத்தியம் சத்தியம்தான். ஆனால் அன்றைக்கு மண் போடுகிற வரைக்கும் சத்தியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உன்னோடு வாயால் பேசுவேன். ஐம்பது வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது. இப்போது ஐம்பது என்று எழுதலாம், நவம்பர் வந்தால் சரியாகிவிடும்.

அதுவரைக்கும் மெஷினில் ஒழுங்காகப் போய் உட்கார். தண்ணீரை அளந்து குடி. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்திருக்கிற பையனிடம் காதிலிருப்பதைக் கழற்றச் சொல்லி ஏதாவது பேசு. அவசரப்பட்டு வந்துவிடாதே. கேட்டு எங்கும் போகாது, திறந்துதான் கிடக்கிறது.

அக்கா
ஆனந்தமேரி